பகிடிவதை: பல்கலைக்கழகத்தின் பெயரா, பிள்ளைகளின் உயிரா?

2025 ஏப்ரல் மாத இறுதியில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருட மாணவர் ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. சிரேஷ்ட மாணவர்கள் சிலர் கைதாகினர். சில வாரங்கள் நாடு முழுவதும் இதைப் பற்றிப் பேசியது. பின்னர் வழமைபோல வேறு செய்திகள் வந்தன.

இந்த நாட்டில் இப்படியொரு மரணம் முதற்தடவை நிகழவில்லை. 1975 இல் பேராதனையில் பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக ஒரு மாணவி இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்த நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2002 இல் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். அதே 2002 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில், பகிடிவதையை நிறுத்த வேண்டும் என்று குரல் கொடுத்த மூன்றாம் வருட மாணவர் ஒருவர் தாக்கிக் கொல்லப்பட்டார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில், படிக்கட்டின் மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாரிய டயர் ஒன்று புதுமுக மாணவர் ஒருவரின் தலையைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது.

ஐம்பது ஆண்டுகள். எத்தனையோ துணைவேந்தர்கள், எத்தனையோ அமைச்சர்கள், எத்தனையோ அறிக்கைகள். நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ் வாசகர்களாகிய நாம் இத்தகைய செய்திகளை எப்படி வாசிக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கரிசனை. பெரும்பாலும் "அது தெற்கின் பிரச்சினை, ஜே.வி.பி. வளர்த்துவிட்ட வியாதி" என்று ஒரு பெருமூச்சோடு கடந்துவிடுகிறோம். அதில் ஒரு பங்கு உண்மை உண்டு. தெற்கின் பல்கலைக்கழகங்களில் மாணவர் அரசியலும் பகிடிவதையும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. புதுமுக மாணவரை உடைத்து, பணியவைத்து, பின்னர் ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கும் வழியாக அது பயன்பட்டிருக்கிறது. "இங்கு எல்லோரும் சமம், பணக்காரப் பிள்ளையின் திமிரை அடக்குகிறோம்" என்ற நியாயமும் அதற்குச் சொல்லப்பட்டது. ஆனால், உண்மையின் மறுபாதி நம் வீட்டுக்குள் கிடக்கிறது.

கொல்லப்பட்டவரும் நம்மவர்

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவான ஒரு தமிழ் மாணவர், கடுமையான பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. தமிழ் இளைஞர் ஒருவர் கண்டிக்குப் போய்ப் படிப்பதற்கு எத்தனை சோதனைச்சாவடிகளையும் எத்தனை அடையாள அட்டைப் பரிசோதனைகளையும் தாண்ட வேண்டியிருந்தது என்பதை அக்காலத்தை வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அத்தனையையும் தாண்டிப் போன அந்தப் பிள்ளை, இராணுவத்தின் கையில் சாகவில்லை. பிரதான குற்றவாளியாகக் காணப்பட்டவர் தமிழ் பேசும் சக மாணவர். அவர் தலைமறைவானார். பல ஆண்டுகள் கழித்து, அவர் மன்றில் இல்லாத நிலையிலேயே கண்டி மேல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

"சும்மா கொஞ்சம் எக்ஸசைஸ் செய்ய விட்டோம்" என்று இலேசாகச் சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழக்கமில்லாத உடலை மணிக்கணக்காக வருத்தினால் தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் குடிக்க விடாமல் வருத்தினால் ஆபத்து இன்னும் அதிகம். அடியே விழாமல் ஒருவர் பகிடிவதையால் இறக்கலாம். அதே 1997 இல் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் இறந்த மாணவரும் சிறுநீரகம் செயலிழந்தே இறந்தார்.

வடக்கு, கிழக்கில் உள்ள பல்கலைக்கழகங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகப் புதுமுக மாணவியர் தொலைபேசி வழியாகப் பாலியல் ரீதியான துன்புறுத்தலுக்கு உள்ளாக்கப்பட்ட விவகாரம் வெளியே வந்தது. வளாகத்துக்குள் வைத்து ஒருவரை மிரட்டுவது கடினமானால், இரவில் அவரது கையிலுள்ள தொலைபேசிக்குள் நுழைந்து மிரட்டலாம் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. விடுதிக் கதவைப் பூட்டினாலும் இந்தக் கதவு பூட்டப்படுவதில்லை.

இங்கே நமக்கு மட்டும் உறைக்கவேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. பகிடிவதையின் வடிவங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வரிசையில் நிறுத்துவது. முழங்காலில் இருத்துவது. தலையைக் குனிந்தே நடக்கச் சொல்வது. பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. நள்ளிரவில் எழுப்பி விசாரிப்பது. யார் யாரோடு பேசினார்கள் என்று காட்டிக்கொடுக்கச் சொல்வது. இவையெல்லாம் நம் மக்கள் சோதனைச்சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் முகாம்களிலும் அனுபவித்தவை. தலையாட்டியின் முன் வரிசையில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள், அதே வரிசையைத் தங்கள் தம்பி தங்கையருக்குப் பல்கலைக்கழகத்தில் அமைக்கிறார்கள். அவமானப்படுத்துவதுதான் ஒருவரை ஒழுங்குக்குக் கொண்டுவரும் வழி என்று யுத்தம் நமக்குக் கற்பித்த பாடத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பாடம் பல்கலைக்கழகத்தில் தொடங்குவதுமில்லை. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2016 இலேயே வந்துவிட்டது. இருந்தும் பெயர்பெற்ற கல்லூரிகளில்கூடப் பிரம்பு ஓயவில்லை. பிரம்புக்குப் பணிந்து பதின்மூன்று ஆண்டுகள் படித்த பிள்ளை, பதினான்காவது ஆண்டில் சிரேஷ்ட மாணவருக்குப் பணிவதை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. பதினைந்தாவது ஆண்டில் தானே மிரட்டும் இடத்துக்கு வருகிறது.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்கிறது. பகிடிவதை செய்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை. குற்றவாளியான மாணவரைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். 2010 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 919 ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் நிர்வாகங்களுக்கு வழிகாட்டல்களையும் வழங்கியது.

அப்படியானால் ஏன் எதுவும் மாறவில்லை?

இந்தச் சட்டத்தின் கவனம் குற்றம் செய்த தனிநபர் மீது இருக்கிறது. கண்டும் காணாமல் இருந்த நிர்வாகத்தை அது பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. இயந்திரம் இயங்கத் தொடங்க வேண்டுமானால் முறைப்பாடு வேண்டும். முறைப்பாடு செய்ய வேண்டியவரோ, முறைப்பாடு செய்யும் துணிவை ஏற்கெனவே உடைத்தெறியப்பட்ட ஒருவர். அவர் அதே விடுதியில் தூங்க வேண்டும். அதே கன்டீனில் சாப்பிட வேண்டும். நான்கு வருடங்கள் அதே வளாகத்தில் நடமாட வேண்டும்.

பகிடிவதையை மறுப்பவருக்குக் கிடைப்பது அடி மட்டுமல்ல, ஒதுக்கல். 'அன்ரி' என்ற முத்திரை விழும். பிறகு பழைய வினாத்தாள் கிடைக்காது, குறிப்புகள் கிடைக்காது, விளையாட்டு அணியில் இடமில்லை, சங்கங்களில் இடமில்லை. தன் வகுப்பினரே பேசத் தயங்குவர், ஏனென்றால் பேசுபவருக்கும் அதே கதிதான். ஊரைவிட்டு வந்து தனித்திருக்கும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கல் அடியைவிடக் கொடியது. ஆகவே பெரும்பாலானவர்கள் பணிகிறார்கள். பணிந்தவர்கள் அடுத்த வருடம் அதற்கு வட்டியோடு வசூலிக்கிறார்கள்.

முறைப்பாடு வந்தாலும் கதை முடிவதில்லை. உள்ளக விசாரணைக் குழு அமைக்கப்படும். சாட்சிகள் பின்வாங்குவர். ஒரு கட்டத்தில் இரு தரப்புப் பெற்றோரும் அழைக்கப்பட்டு, "அவனும் ஒரு தாயின் பிள்ளைதானே, எதிர்காலம் பாழாகிவிடும்" என்ற சமாதானம் பேசப்படும். வகுப்புத்தடை சில மாதங்களில் தளர்த்தப்படும். பாதிக்கப்பட்டவரின் எதிர்காலம் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

பொலிஸை நம்பாத ஒரு சமூகம்

இவையெல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவானவை. நமக்கென்று தனியான ஒரு சிக்கல் உண்டு. தமிழ் மாணவர் ஒருவரிடம் "பொலிஸில் போய் முறையிடு" என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

அதற்கு நியாயம் இருக்கிறது. 2012 நவம்பரில் மாவீரர் நாளையொட்டி யாழ். பல்கலைக்கழக விடுதிகளுக்குள் படையினர் நுழைந்தனர். அடுத்து வந்த நாட்களில் மாணவர்கள் நால்வர் கைதாகி வெலிகந்தைக்கு 'புனர்வாழ்வுக்கு' அனுப்பப்பட்டனர். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து உயிரிழந்தனர். 2021 ஜனவரியில் வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. இத்தகைய வரலாறு கொண்ட இடத்தில், பொலிஸை வளாகத்துக்குள் அழைப்பவர் சந்தேகத்துடன் பார்க்கப்படுவது வியப்பல்ல.

ஆனால் அந்த நியாயமான சந்தேகத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். "எங்கள் பிரச்சினையை நாங்களே பார்த்துக்கொள்வோம்", "சிங்கள ஊடகங்களுக்குத் தீனி போடாதே", "இது தமிழ் மக்களின் சொத்து, பெயரைக் கெடுக்காதே" என்பன காதில் விழ நல்ல வார்த்தைகள். நடைமுறையில் அவை ஒரு மாணவியின் வாயைப் பொத்தும் கையாக மாறிவிடுகின்றன. உள்ளே பார்த்துக்கொள்வோம் என்றவர்கள் உள்ளேயும் பார்ப்பதில்லை. அரசு நமக்குச் செய்தவற்றுக்குப் பொறுப்புக்கூறல் வேண்டும் என்று ஜெனீவா வரை கேட்கும் சமூகம், தன் பிள்ளைகளுக்குத் தன் நிறுவனங்கள் செய்தவற்றுக்குப் பொறுப்புக்கூறலைக் கேட்கத் தயங்கினால், முதலாவது கோரிக்கையின் வலுவும் குறையும்.

பல்கலைக்கழகத்தின் மானம் உண்மையைச் சொல்வதில் இருந்த காலமும் உண்டு. யாழ். மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல்துறைத் தலைவர் ராஜினி திரணகம, எல்லா ஆயுதத் தரப்புகளின் மீறல்களையும் ஆவணப்படுத்திய பின் 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். வெளியாரின் குற்றத்தை மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு ஆபத்து குறைவாக இருந்திருக்கும்.

இழப்பு யாருக்கு?

ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் உயர்தரப் பரீட்சை எழுத, நாற்பதாயிரம் பேரளவில்தான் அரச பல்கலைக்கழகங்களுக்குள் போகிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகள் பலர் இந்த வாசல் வழியாகவே உள்ளே வருகிறார்கள்.

அந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். தாய் கோழி வளர்த்தோ, தோட்டக் கூலிக்குப் போயோ, நுண்கடன் எடுத்தோ படிப்பித்திருக்கலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை அது. அப்படியொரு பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அழுதால், "பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு மோனை, மூண்டு மாதம்தானே" என்பதே பதிலாக வரும். தாயில் பிழையில்லை. அந்த வீட்டுக்கு வேறு வழியே இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வன்னிப் பிள்ளைக்கு இருப்பது கடையில் விற்பனையாளர் வேலையும் ஆடைத் தொழிற்சாலையும்தான்.

'பணக்காரரின் திமிரை அடக்கும்' பகிடிவதை இறுதியில் வெளியே தள்ளுவது ஏழையைத்தான்.

விரிவுரை மேடையிலும்

மாணவரிடையே நடப்பதை மட்டும் பேசி, ஆசிரியர் மேடையைப் பேசாமல் விட்டால் அது பாதி உண்மையே. புள்ளியிடும் பேனா, ஆய்வு மேற்பார்வை, சிறப்புக் கலை வாய்ப்பு, பின்னர் தற்காலிக விரிவுரையாளர் பதவி - இத்தனையும் ஒருவர் கையில் குவியும்போது அதைப் பாலியல் சலுகைக்காகப் பயன்படுத்தும் விரிவுரையாளர்கள் பற்றிய முணுமுணுப்பு இல்லாத பல்கலைக்கழகம் நாட்டில் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப் நிறுவனத்துடன் சேர்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வும், பகிடிவதையையும் பாலியல் மற்றும் பால்நிலை வன்முறையையும் ஒரே பிரச்சினையின் இரு முகங்களாகவே நோக்கியது.

இங்கும் சட்டம் முன்னேறியிருக்கிறது. 1995 திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதாவது, புள்ளிக்காகவோ பதவிக்காகவோ பாலியல் சலுகை கேட்கும் அரச பல்கலைக்கழக விரிவுரையாளரை, பொலிஸ் நிலையத்துக்குப் போகாமலே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவில் முறையிடலாம். இது எத்தனை மாணவியருக்குத் தெரியும்? புதுமுக மாணவர்க்கான அறிமுக நிகழ்வில் இதை யாராவது தமிழில் விளக்குகிறார்களா?

அயலிலிருந்து ஒரு பாடம்

1996 நவம்பரில் தமிழ்நாட்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் சிரேஷ்ட மாணவரால் கொல்லப்பட்டார். இந்தியாவிலேயே முதலாவது பகிடிவதைத் தடைச் சட்டம் 1997 இல் தமிழ்நாட்டில் பிறந்தது அந்த மரணத்தால்தான். குற்றவாளிக்கு 1998 இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2001 இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2011 இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது.

ஆனால் உண்மையான மாற்றம் 2009 இல் வந்தது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் இறந்த பின், இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை மாற்றியது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் முறையிட வேண்டிய கடமை நிறுவனத் தலைவருக்கு வந்தது. செய்யாத நிறுவனத்துக்கு மானியம் நிறுத்தப்படலாம், அங்கீகாரம் பறிபோகலாம். முறையிடும் சுமை, அடிபட்ட பிள்ளையின் தலையிலிருந்து நிறுவனத்தின் தலைக்கு மாறியது. இதனால் இந்தியாவில் பகிடிவதை ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2023 ஓகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவர் ஒருவர் இறந்தார். ஆயினும் அங்கே நிர்வாகம் "எங்களுக்கு யாரும் முறையிடவில்லை" என்று கைகழுவ முடியாது. இங்கே முடிகிறது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, நிர்வாகத்தின் பொறுப்பு சட்டமாக வேண்டும். தகவல் அறிந்தும் நடவடிக்கை எடுக்காத துணைவேந்தர், பீடாதிபதி, விடுதிப் பொறுப்பாளர் ஆகியோர் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, விசாரணை பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி, சட்டத்தரணி, உளவளத்துணையாளர், பெண்கள் அமைப்பின் பிரதிநிதி என நான்கைந்து பேர் கொண்ட தமிழில் இயங்கும் ஒரு சுயாதீனக் குழு வடக்கிலும் கிழக்கிலும் அமைந்தால், பொலிஸை நம்பாத பிள்ளைக்கும் ஒரு கதவு திறக்கும். அந்தக் குழு பாதிக்கப்பட்டவரோடு பொலிஸுக்கும் நீதிமன்றுக்கும் துணையாகப் போகலாம். சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரவும் உதவலாம்.

மூன்றாவதாக, படிப்பை இடைநிறுத்திய ஒவ்வொரு மாணவரிடமும் காரணம் கேட்கப்பட்டு, பெயர் குறிப்பிடாமல் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். வெளியேறியவர்களை எண்ணாத நிறுவனம் அவர்களைத் தேடப் போவதில்லை.

நான்காவதாக, பழைய மாணவர்களும் புலம்பெயர் உறவுகளும். கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் காசு தரும் கை, "உங்கள் விடுதியில் இரவில் என்ன நடக்கிறது?" என்றும் கேட்கலாம். கட்டடத்தில் பெயர் பொறிப்பதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பதில் வரட்டும்.

கடைசியாக, மாணவர் ஒன்றியங்கள். நினைவேந்தலுக்கும், காணி விடுவிப்புக்கும், அரசியல் கைதிகளின் விடுதலைக்கும் முன்னின்று போராடும் மாணவர்கள் மீது இந்தச் சமூகம் வைத்திருக்கும் மதிப்பு பெரியது. அவர்கள் நினைத்தால் ஒரே வருடத்தில் ஒரு பீடத்தில் பகிடிவதையை நிறுத்தலாம். எந்தச் சட்டத்தாலும் முடியாதது அது. வீதியில் நீதி கேட்டு நின்ற பின் விடுதிக்குத் திரும்பும் மாணவர், அங்கே முழங்காலில் இருத்தப்பட்டிருக்கும் தம்பியைப் பார்த்து என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் கேட்ட நீதியின் பெறுமதி தெரியும்.

நம் பிள்ளைகளில் பலர் யுத்தத்தைத் தாண்டி, முகாமைத் தாண்டி, வறுமையைத் தாண்டித்தான் பல்கலைக்கழக வாசலை அடைகிறார்கள். வாசலுக்கு உள்ளே அவர்கள் தாண்டவேண்டியது பாடநெறி மட்டுமாக இருக்கட்டும்.